சல்லடையின் இடது பக்கம்

குட்டி ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அதற்குத் தரை என்று ஒன்று இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் கீழே மண் தெரிந்தது, மண்ணில் ஊர்ந்த எறும்பும் தெரிந்தது. ஆறு வருஷம் கல்குவாரிக்குப் பின்னால் புதருக்குள் கிடந்த வண்டி. ஊசி போட வந்த நர்சிடம் குவாரிக்காரர், "வேணும்னா எடுத்துக்கம்மா, எனக்கு எடமாவது மிஞ்சும்" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவள் மறுநாளே ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அண்ணி என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

அந்த அண்ணி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடியே வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். குண்டூசிகளை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"என்ன இது?"

"ஜீப் அண்ணி."

"நீ சொன்னதாலதான் தெரியுது."

நாத்தனார் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவள் இல்லை என்பது தையல்காரிக்கும் தெரியும். மலைமேல் ஒன்பது குடியிருப்புகள். இரண்டு ஓடைகளைக் கடந்து, கல்லும் சேறுமான பாதையில் ஏறிப்போய், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருவது நாத்தனாரின் வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறாள். போன மாதம் சுகாதாரத் துறை தன் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள், இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மலையேறும் சொந்த வண்டிக்கான தகுதிச் சான்றிதழ், அல்லது தலைநகர் மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதக் கடிதம். இரண்டும் இல்லையென்றால் வேலை இல்லை. தலைநகரம் ரயிலில் பதினான்கு மணி நேரம்.

தையல்காரியின் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் வாசலில் நின்று முறைத்த பெண்தான் இந்த நாத்தனார். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் நிஜமாகவே குடித்தனம் நடத்துவது அவர்கள் இருவரும்தான். முதல் நர்ஸ் உடுப்பைத் தைத்துக் கொடுத்ததும் தையல்காரிதான். அதில் கை இறுக்கம் என்று சண்டை போட்டது நாத்தனார்.

கப்பலிலிருந்து பேசிய அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தச் சல்லடைய முதல்ல எடைக்குப் போடுங்க" என்றான். வண்டிக்குப் பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. எடைக்குத்தான் போடவில்லை.

எஞ்சினைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. குவாரி மெக்கானிக் இரண்டே நாளில் அதை உயிர்ப்பித்துவிட்டு, "எஞ்சின் எரும மாதிரி, சாகாது. உடம்புதான் போச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். உடம்புக்கு அடுத்த தெரு வெல்டரைக் கூப்பிட்டார்கள். அறுபது வயது மனிதர், பேச்சில் கஞ்சம். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் உள்ளே போயிற்று.

"சேசிஸ் தாங்கும். தரை பூரா புதுசா போடணும். பத்தவைக்க நான் வர்றேன், வாரத்துல ஒரு நாள். தகட்ட வடிவமா வெட்டி, மடிச்சு வைக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல. அதுக்கு ஆளு பாருங்க."

"வெட்டி மடிக்கணும், அவ்வளவுதான?" என்றாள் தையல்காரி.

வெல்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த தையல் மெஷினைப் பார்த்தார். "தகடும்மா. துணியில்ல."

"எதுவா இருந்தா என்ன? உடம்புக்குப் பொருந்தணும். அதத்தானே முப்பது வருஷமா பண்றேன்."

அன்றிலிருந்து வீட்டில் துருதான் ஆட்சி. நாத்தனார் விடியற்காலையில் மலைக்கு நடந்தே கிளம்பிவிடுவாள். தையல்காரி காலை முழுவதும் வண்டிக்கடியில் படுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள். துரு பொடிப்பொடியாக முகத்தில் கொட்டும். மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வரும். மத்தியானம் குளித்துவிட்டு மெஷினில் உட்காருவாள். அப்படியும் ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் நாலு விரல் ரேகை துருவாகப் பதிந்துவிட்டது. பையனின் அம்மா சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "புதுசு தைச்சுத் தர்றேன், ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க. எனக்கு இப்ப வாசல்ல ஒரு நோயாளி படுத்திருக்கு" என்று சொல்லி அனுப்பினாள்.

செல்லரித்த தகடுகளையெல்லாம் வெட்டி எறிந்து, மிச்ச இரும்புக்குத் துரு மருந்து தடவி, சிவப்புப் பூச்சு பூசி முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. பிறகு தனக்குத் தெரிந்த வேலைக்கு வந்தாள். பழுப்புத் தாளை விரித்து வலது பக்கத் தரையின் அளவுக்கு, துணிக்கு எடுப்பது போலவே பேப்பர் கட்டிங் எடுத்தாள். நடுவில் கியர் பெட்டிக்காக மேடு ஒன்று எழும்பி நின்றது. அந்த வளைவுக்குத் தாளில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்து, ரவிக்கையின் கைக்குழி எடுப்பது போல வளைத்து எடுத்தாள். வெல்டர் கொண்டுவந்த ஒரே பெரிய தகட்டில் சாக்பீஸால் வரைந்து, மடிப்புக்கு அரை அங்குலம் விட்டு, தகரக் கத்திரியால் வெட்டினாள். ஒரு வெட்டுக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. உள்ளங்கை கன்றிப்போய்க் கத்திரியைப் பிடித்த விரல்கள் காலையில் நிமிர மறுத்தன. ஓரங்களை இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி மடித்தாள்.

வெல்டர் வந்து தகட்டை வண்டிக்குள் இறக்கினார். அது போய் உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு நகக்கண் இடைவெளிகூட இல்லை.

"என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல" என்றார் வெல்டர்.

அதற்குப் பிறகு தையல்காரியின் கால் ஒரு வாரம் தரையில் பாவவில்லை. இடது பக்கத்துக்கு அவள் அளவே எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? ஒரு கையை வெட்டி அதைப் புரட்டிப் போட்டால் அடுத்த கை. சட்டைக்கும் பாவாடைக்கும் அவள் எப்போதும் பாதிதான் வரைவாள். "இன்னொரு தடவ அளந்துக்கறீங்களாம்மா?" என்று வெல்டர் கேட்டதற்கு, "நீங்க பத்தவைக்கிற வேலயப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். பழுப்புத் தாளைப் புரட்டிப் போட்டு, மிச்சமிருந்த தகட்டில் வரைந்து, வெட்டி, மடித்து, ஓரம் தேய்த்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள்.

இறக்கியபோது இரண்டு விரல் குறைந்தது.

அவள் நம்பவில்லை. தூக்கி மறுபடி வைத்தாள். காலால் மிதித்தாள். வெல்டர் குனிந்து, நடு மேட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். மேடு நடுவிலேயே இல்லை. முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டுக்காக அதை ஒரு விரல் வலது பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அகலம், அந்தப் பக்கம் குறுகல். ஆணித்துளைகளும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"ரெண்டு விரல் பட்டையா ஒட்டுப் போடலாமா?" என்று கேட்டாள். தன் வாயால் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்ததே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

"தரையில நீளமா ஒட்டு இருந்தா சோதனையில தள்ளிடுவாங்கம்மா. தகடும் தீந்து போச்சு. இரும்புக்கடையில இந்தக் கனத்துல இல்ல, வர இருபத்தஞ்சு நாள் ஆகுங்கறான்."

கெடுவுக்கு இருபது நாள்தான் இருந்தது.

சாயங்காலம் மலையிலிருந்து வந்த நாத்தனார் விஷயத்தைக் கேட்டாள். கோபப்படவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, சேறு அப்பிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணியின் கையை இழுத்துப் பார்த்தாள். வீங்கிக் கிடந்தது.

"விடுங்க அண்ணி. போதும். நான் போயிடறேன். பெரிய ஆஸ்பத்திரி, மாடி ஏற லிஃப்ட் எல்லாம் இருக்காம்."

"அப்ப மேல இருக்கறவங்க?"

"வேற யாராவது வருவாங்க."

"யாரும் வர மாட்டாங்கன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." தையல்காரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீ பாட்டுக்குப் போயிடுவே. அப்புறம் நான் யார்கூடச் சண்ட போடறது?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அதில் கிண்டல் மிஞ்சவில்லை. மலை, குடியிருப்பு, கர்ப்பிணிகள் எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வீட்டில் தனக்கு மட்டும் சமைத்து, தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதை இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் துறையிலிருந்து வந்த சம்மதப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மறைக்கவில்லை. "கடைசி நாள் வரைக்கும் பையிலயே கிடக்கட்டும். வண்டி தேறலேன்னா இதக் குடுத்துடறேன். ரெண்டும் இல்லாம நிக்க முடியாதுல்ல?" என்றாள். நியாயம்தான். தையல்காரி தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் தபால்காரர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். முப்பது வருஷம் ஒரே தோளில் பை சுமந்ததில் அவருக்கு வலது தோள் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கும். தையல்காரி டேப்பை எடுத்து, பழக்கப்படி முதலில் வலது தோளை அளந்தாள், எழுதிக்கொண்டாள். பிறகு இடது தோளை அளந்தாள். அளந்தவள் டேப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு எத்தன வருஷமா தைக்கிறேன்?"

"பன்னண்டு இருக்கும். ஏம்மா?"

"ஒரு தடவயாவது ஒரு பக்கத்த மட்டும் அளந்துட்டு அனுப்பியிருக்கேனா?"

"இல்லியே."

"அந்தப் புத்தி வாசல்ல நிக்கறவன்கிட்ட எங்க போச்சு எனக்கு!"

தபால்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரை அனுப்பிவிட்டுத் தையல்காரி பழைய பேப்பர் கட்டிங்கைக் கிழித்து எறிந்தாள். வண்டிக்குள் ஏறிக் குந்தி உட்கார்ந்து, இடது பக்கத்தைப் புது ஆளுக்கு அளப்பது போல ஆதியிலிருந்து அளந்தாள். புதுத் தாளில் பெரிதாக எழுதினாள்: "இடது. இதற்கு மட்டும்."

தகட்டுக்கு என்ன செய்வது? அதற்கும் அன்றைக்கே வழி கண்டுபிடித்தாள். அவளுடைய கட்டிங் டேபிளின் மேல் பலகையின் சிராய் துணியைக் கிழிக்கிறது என்று கணவன் ஒரு விடுமுறையில் அதை எடுத்துவிட்டு இரும்புத் தகடு அடித்துக் கொடுத்திருந்தான். ஆறடிக்கு மூன்றடி, அதே கனம். ஓரம் நெடுகவும் அவளே ஆணியால் அங்குலக் கோடுகள் கீறி வைத்திருந்தாள். பதினைந்து வருஷம் ஆயிரக்கணக்கான சட்டைகள் பிறந்த இடம். அடுத்த வாரம் வெல்டர் வந்தபோது தகடு கழன்று வாசலில் கிடந்தது.

"இத வெட்டிட்டா துணிய எங்கம்மா வெட்டுவீங்க?"

"தரையிலதான்."

அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு சீருடைகளை அவள் தரையில் மண்டி போட்டு வெட்டினாள். எழும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நாத்தனார் பார்க்காத நேரமாகப் பார்த்து எழுந்துகொள்வாள். இடது தரை போய் உட்கார்ந்தபோது வெல்டர் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பத்தவைத்து, பூச்சு அடித்து, இருக்கைகளை ஆணி முடுக்கி நிறுத்தியபோது கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கி. மறுநாள் சோதனைக் கூடத்துக்கு விடுமுறை. ஆகக் கடைசி நாளிலேயே போக வேண்டியதாயிற்று.

நாத்தனார் ஓட்டினாள். பக்கத்தில் தையல்காரி, பின்னால் வெல்டர். தையல்காரியின் மடியில் கனமான ஒரு துணிப்பை இருந்தது.

"அதுல என்ன அண்ணி?"

"கத்திரி, சுத்தி, மிச்சத் தகடு. போட்டுப் பாக்கற நேரத்துலதான் தையல் பிரியும். எனக்குத் தெரியாதா?"

சோதனை அதிகாரி ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பிரேக்கு, விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் பார்த்துவிட்டு, சின்னச் சுத்தியோடு வண்டிக்கடியில் போனார். தர்பூசணி வாங்குபவர் மாதிரி தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்தில் சத்தம் நின்றது.

"இங்க என்ன கோடு கோடா இருக்கு?"

"என் கட்டிங் டேபிள் சார்."

அடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. டங், டங் என்று கெட்டியான சத்தம். தையல்காரி அப்போதுதான் மூச்சு விட்டாள். அதிகாரி பின்பக்கம் நகர்ந்தார். இடது பின் மூலையில், தரை முடிந்து பக்கச் சுவர் எழும்பும் இடத்தில், ஒரு தட்டு தட்டினார். சத்தம் வரவில்லை. சுத்தி உள்ளே போய்விட்டது.

குவாரிக்காரர்கள் எந்தக் காலத்திலோ ஓட்டையில் பட்டிப் பசையை அடைத்து மேலே கனமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று தையல்காரி தொடாமல் விட்ட ஒரே இடம். அதிகாரி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "மத்ததெல்லாம் நல்லாருக்கு. இத சரி பண்ணிட்டு அடுத்த மாசம் வாங்க."

தையல்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

"சார், இன்னிக்கு எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

"நாலு. நாலுக்குப் பூட்டிட்டுப் போயிடுவேன். நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வந்து நின்னு அழக் கூடாது."

"நான் எதுக்கு அழறேன்?" என்றாள் அவள்.

வண்டிச் சோதனை நடக்கும் இடத்துக்கு வெளியே பட்டறைகள் இல்லாமலா போகும்? வெல்டர் தெரிந்தவர் ஒருவரின் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, இரவல் மெஷினுக்கு ஒயரை இழுத்தார். கிரைண்டரால் செத்த மூலையை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்தார்கள். ஒரு சாண் அகல ஓட்டை. மூன்று பக்கம் வளைகிற மூலை. தையல்காரி பட்டறையில் கிடந்த செய்தித்தாளை வைத்துப் பார்த்தாள். வளைவில் தாள் தொய்ந்து கிழிந்தது.

"இது ஆகாது. கெட்டித் தாள் வேணும். சீக்கிரம் குடு!"

நாத்தனார் தன் பையைத் திறந்தாள். உள்ளே பார்த்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"என்ன தேடிக்கிட்டு நிக்கறே? நேரம் போகுது!"

நாத்தனார் ஒரு தாளை எடுத்து, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினாள். தையல்காரி பிடுங்கி ஓட்டையில் வைத்து அழுத்தினாள். ஓரத்தில் சாக்பீஸால் தேய்த்து, கோடு விழுந்த வழியே கத்திரியை ஓட்டினாள், வளைவுக்கு வெட்டுக் கொடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அளவெடுக்க வண்டியைச் சுற்றி வலது மூலைக்குப் போகவே இல்லை. தகட்டில் வரைந்தாள். வெட்டினாள். முதல் முறை மடிப்பு அரை நூல் அளவு தப்பிற்று. நிமிர்த்தி மறுபடி மடித்தாள். விரலில் வெட்டுப்பட்டு ரத்தம் வந்ததை நாத்தனார்தான் பார்த்து, பஞ்சு சுற்றிவிட்டாள். வெல்டர் முகமூடியை இறக்கியபோது மணி இரண்டரை. சூட்டோடு தேய்த்து, பூச்சு அடித்து, சோதனைக் கூட வாசலுக்குள் வண்டி நுழைந்தபோது மூன்று நாற்பது.

அதிகாரி சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அதை வைத்துவிட்டுச் சுத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அந்த மூலையில் மூன்று முறை ஓங்கியே தட்டினார். டங். டங். டங். எழுந்து, சான்றிதழை எழுதி, முத்திரை குத்தினார்.

"டேபிள் இன்னும் மிச்சம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"கால் மட்டும் இருக்கு சார்."

வெளியே வந்ததும், மெஷினைத் திருப்பிக் கொடுக்க வெல்டர் பட்டறையில் இறங்கிக்கொண்டார். தையல்காரி அங்கே கிடந்த சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டாள். அந்தப் பழுப்புத் தாள் ஒன்றைத் தவிர, பேப்பர் கட்டிங் எதையும் அவள் தூக்கி எறிந்ததில்லை. ஆணியில் மாட்டி வைக்கலாம் என்று அந்தத் தாளையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். மறுபக்கம் அச்சு எழுத்து. "இடமாற்றத்துக்குச் சம்மதித்து" என்று பாதி வரி இருந்தது. மீதியை அவள் கத்திரி கொண்டுபோயிருந்தது. கீழே நாத்தனாரின் கையெழுத்து, வால் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

தையல்காரி தாளை நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏண்டி, இது அந்தத் தாளா?"

"ஆமா."

"பையில வேற தாளே இல்லியா?"

"இருந்துச்சு."

"இந்த மூலை சரியா வரலேன்னா என்ன ஆயிருக்கும்? இதுவும் போயி, அதுவும் போயி, வேலயே போயிருக்குமே! பைத்தியமா உனக்கு?"

நாத்தனார் சாவியைத் திருப்பினாள். எருமை ஒரு முறை செருமிவிட்டுக் கிளம்பியது.

"மூலை வராம எங்க போகும்? இந்தத் தடவ நீங்க இந்தப் பக்கத்தையே வச்சுத்தான் அளந்தீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ஏறுங்க அண்ணி. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

தையல்காரி ஏறி இடது பக்கம் உட்கார்ந்தாள். காலடியில் தரை அசையவில்லை. திட்ட வேண்டும் என்று எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதனால் சாக்பீஸை எடுத்துத் தாளின் வெற்றுப் பக்கத்தில், "சல்லடை. பின் மூலை, இடது" என்று எழுதி, நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வண்டி ஒரு வளைவில் வேகமாகத் திரும்பியது.

"மெதுவாப் போ. இப்பத்தான் பூச்சு அடிச்சிருக்கு."

"பூச்சுக்கும் வேகத்துக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"எதிர்த்துப் பேசாத. ரோட்டப் பாரு."

"நீங்க பேசாம இருந்தா நான் ரோட்டப் பாப்பேன்."

அலுவலகம் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.